ஐன்ஸ்டீன் சொன்னதை ஏன் ஏற்றார்கள்? அறிவியலில் ஒரு கோட்பாடு ஜெயிப்பது எப்படி?

"ஐன்ஸ்டீன் சொன்னது தப்புன்னு நிரூபிச்சிட்டாங்க!"

இப்படி ஒரு தலைப்பு மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் கைத்தொலைபேசியில் வந்து விழும். கீழே கருத்துகளில் சண்டை. "விஞ்ஞானிங்க எல்லாரும் கூட்டு சேர்ந்து புதுசா யோசிக்கிறவங்கள அமுக்கிடுறாங்க" என்பார் ஒருவர். "எல்லா விஞ்ஞானியும் ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் என்ன கேள்வி?" என்பார் இன்னொருவர்.

சரி, உண்மையில் என்னதான் நடக்கிறது? இயற்பியலில் ஒரே விஷயத்துக்குப் பல விளக்கங்கள் இருக்கும்போது, ஒன்று மட்டும் பாடப்புத்தகத்துக்குள் வருவது எப்படி? ஓட்டுப் போடுகிறார்களா? பெரிய ஆள் யாராவது தலையசைக்க வேண்டுமா?

ஈர்ப்புவிசையின் கதையில் இதற்கு நல்ல பதில் கிடைக்கிறது. 170 ஆண்டுக்கும் மேல் ஓடிக்கொண்டிருக்கும் கதை அது. இன்னும் முடியவில்லை.

கோட்பாடுன்னா வெறும் யூகமா?

பேச்சுவழக்கில் "எனக்கு ஒரு தியரி இருக்கு" என்றால், சும்மா ஒரு யூகம் என்று அர்த்தம். இயற்பியலில் அப்படி இல்லை.

அங்கே கோட்பாடு என்பது கணக்கோடு வரும் விளக்கம். "இதை இப்படிச் செய்தால், இந்த எண் கிடைக்கும்" என்று அது முன்கூட்டியே சொல்ல வேண்டும். எண் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் சிக்கல்.

சிக்கல் வந்தால் உடனே கோட்பாட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்களா? அதுவும் இல்லை. அங்குதான் கதை சுவாரஸ்யமாகிறது.

ஒரே மனிதர், ஒரே தந்திரம், 2 முடிவுகள்

19ஆம் நூற்றாண்டு. நியூட்டனின் ஈர்ப்பு விதி ராஜாவாக இருந்த காலம். ஆனால் யுரேனஸ் கோள் மட்டும் அந்த விதி சொன்ன பாதையில் சரியாகப் போகவில்லை.

"அப்படின்னா நியூட்டன் தப்பு" என்று வானியலாளர்கள் அவசரப்படவில்லை. பிரான்ஸைச் சேர்ந்த லெவெரியே வேறு மாதிரி யோசித்தார். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் யுரேனஸை இழுக்கிறதோ? அது எங்கே இருக்க வேண்டும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டு, பெர்லின் விண்ணாய்வுக்கூடத்துக்குக் கடிதம் எழுதினார்.

1846 செப்டம்பர் 23. அங்கிருந்த காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து 1 பாகைக்கும் குறைவான தூரத்தில் ஒரு புதிய கோள் இருந்தது. அதுதான் நெப்டியூன். நியூட்டன் காப்பாற்றப்பட்டார்.

அடுத்த சிக்கல் புதன் கோளில் வந்தது. சூரியனைச் சுற்றும் அதன் நீள்வட்டப் பாதையே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் ஒரு சின்ன மிச்சம் இருந்தது. அதை 1859இல் அறிவித்தவரும் அதே லெவெரியேதான்.

பின்னர் திருத்தமாக அளந்தபோது அந்த மிச்சம் 100 ஆண்டுக்கு 43 ஆர்க்-செகண்ட் என்று தெரிந்தது. ஒரு பாகையை 3,600 துண்டாக வெட்டினால், ஒரு துண்டுதான் ஓர் ஆர்க்-செகண்ட். அந்த 43ஐ மட்டும் வைத்துக்கொண்டு பாதை ஒரு முழுச் சுற்றுத் திரும்ப, சுமார் 3 மில்லியன் ஆண்டு ஆகும். அவ்வளவு சின்னது.

லெவெரியே பழைய தந்திரத்தையே மறுபடியும் கையில் எடுத்தார். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்கலாம் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. "நான் பார்த்தேன்" என்று சிலர் சொல்லவும் செய்தார்கள்.

ஆனால் தேடத் தேட எதுவும் சிக்கவில்லை. வல்கன் என்று ஒரு கோளே இல்லை.

யோசித்துப் பாருங்கள். அதே மனிதர், அதே வழி. ஒருமுறை அது மாபெரும் வெற்றி. மறுமுறை தோல்வி. எந்தச் சிக்கல் நெப்டியூன், எந்தச் சிக்கல் வல்கன் என்று முன்கூட்டியே சொல்ல எந்தச் சூத்திரமும் கிடையாது.

ஒட்டுப்போட்டால் போதாதா?

வல்கன் கிடைக்காத நிலையில், நியூட்டனின் விதியையே லேசாகத் தட்டிச் சரிசெய்யப் பார்த்தார்கள்.

தூரம் கூடக்கூட ஈர்ப்புவிசை எப்படிக் குறைகிறது என்பதைச் சொல்லும் 2 என்ற அடுக்கை 2.00000016 என்று மாற்றலாம் என்றார் அமெரிக்க வானியலாளர் அசாஃப் ஹால். ஆண்டு 1894. புதனுக்கு அது பொருந்தியது. ஆனால் நிலாவின் ஓட்டத்தை இன்னும் துல்லியமாகக் கணக்கிட்டபோது அந்த மாற்றம் ஒத்துவரவில்லை. சட்டையில் ஓர் இடத்தில் ஒட்டுப்போட, இன்னோர் இடம் கிழிந்த கதை.

1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தம்முடைய புதிய கோட்பாட்டை வைத்துப் புதனின் பாதையைக் கணக்கிட்டார். விடை: 43 ஆர்க்-செகண்ட்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹால், புதனுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே ஓர் எண்ணைத் தேடிப்பிடித்தார். ஐன்ஸ்டீனின் கோட்பாட்டில் அப்படித் திருகிச் சரிசெய்ய எந்தக் குமிழும் இல்லை. வேறு காரணங்களுக்காகக் கட்டிய கோட்பாடு, கேட்காமலேயே 43ஐக் கொடுத்தது.

போட்டியே இல்லாமல் அவர் ஜெயிக்கவும் இல்லை. பின்லாந்தின் குன்னார் நோர்ட்ஸ்ட்ராம் அதே காலத்தில் அழகான ஓர் ஈர்ப்புக் கோட்பாட்டை உருவாக்கியிருந்தார். கணக்கு ஐன்ஸ்டீனுடையதைவிட எளிது. ஆனால் அதன்படி புதனின் பாதை தவறான திசையில் திரும்பும். சூரியனுக்கு அருகே ஒளி வளையவும் வளையாது.

"ஒளி வளையும்" என்றார் ஐன்ஸ்டீன். அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

1919: இருண்ட சில நிமிடங்கள்

சூரியன் பக்கத்தில் தெரியும் நட்சத்திரங்களைப் பகலில் பார்க்க முடியாது. முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டும் முடியும். அப்போது படம் எடுத்து, அதே நட்சத்திரங்களை இரவில் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். இடம் மாறியிருக்கிறதா, எவ்வளவு?

சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் ஒளிக்கு 3 விடைகள் சாத்தியம்:

• ஒளி வளையவே வளையாது: 0

• நியூட்டன் வழியில் கணக்கிட்டால்: 0.87 ஆர்க்-செகண்ட்

• ஐன்ஸ்டீன் கோட்பாட்டின்படி: 1.75 ஆர்க்-செகண்ட்

1.75 ஆர்க்-செகண்ட் என்பது எவ்வளவு? சிங்கப்பூரின் 1 வெள்ளி நாணயத்தைக் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் தொலைவில் வைத்துப் பாருங்கள். அது தெரியும் அளவுதான்.

1919 மே 29 கிரகணத்துக்குப் பிரிட்டனிலிருந்து 2 குழுக்கள் புறப்பட்டன. ஒன்று ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள பிரின்சிப்பே தீவுக்கு. அதில் ஆர்தர் எடிங்டன் இருந்தார். இன்னொன்று பிரேசிலின் சோப்ரால் நகருக்கு.

முடிவுகள் பளிச்சென்று ஒரே மாதிரி வரவில்லை. பிரின்சிப்பேயில் மேகம். கிடைத்த சில படங்கள் தந்த விடை சுமார் 1.61. சோப்ராலில் ஒரு தொலைநோக்கி 1.98 என்றது. அங்கிருந்த இன்னொன்று 0.93 என்றது, அதாவது நியூட்டனுக்குப் பக்கத்தில்!

அந்தக் கடைசி எண்ணைக் குழு ஓரங்கட்டியது. வெயிலின் சூட்டில் கருவியின் குவியம் மாறி, நட்சத்திரங்கள் மங்கலாக விழுந்திருந்தன என்பது காரணம். 1919 நவம்பர் 6ஆம் தேதி லண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஐன்ஸ்டீன் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றார்.

"அதெப்படி? பிடிக்காத எண்ணைத் தூக்கிப் போட்டுட்டு ஜெயிச்சோம்னு சொல்லலாமா?"

நியாயமான கேள்விதான். அப்போதே பலர் கேட்டார்கள், பிறகும் கேட்டார்கள். எடிங்டன் ஐன்ஸ்டீனின் ரசிகர் என்பதும் ஊரறிந்த விஷயம்.

பதில் 60 ஆண்டு கழித்து வந்தது. 1979இல் அந்த மங்கலான படங்களை நவீனக் கருவி கொண்டு மீண்டும் அளந்தார்கள். விடை சுமார் 1.55. முதலில் சொன்ன 0.93 தான் ஒத்துவராத எண்ணாகிவிட்டது. படத்தகடுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இதைச் சரிபார்க்க முடிந்தது.

நம் வட்டாரத்துக்கும் இதில் பங்கு உண்டு

ஒரே சோதனையோடு யாரும் திருப்தியடையவில்லை. அடுத்த வாய்ப்பு 1922 செப்டம்பர் 21 கிரகணம்.

பிரிட்டிஷ் குழு ஒன்று கிறிஸ்மஸ் தீவுக்கு வந்தது. அந்தத் தீவு அப்போது சிங்கப்பூரின் நிர்வாகத்தில் இருந்தது. பல மாத ஏற்பாடு. ஆனால் கிரகண நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது! அதே நாளில் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையில் வானம் தெளிவாக இருந்தது. அங்கே அமெரிக்காவின் லிக் விண்ணாய்வுக்கூடக் குழு எடுத்த படங்கள் ஐன்ஸ்டீனின் எண்ணோடு நன்றாகவே ஒத்துப்போயின.

1929 மே 9 கிரகணத்தின் நிழல் சுமத்ராவையும் மலாயாவின் வட பகுதியையும் கடந்தது. ஜெர்மானிய வானியலாளர் ஃபிராய்ண்ட்லிக், சுமத்ராவின் தக்கேங்கோனில் முகாம் போட்டார். அவருக்குக் கிடைத்த விடை 2.24. ஐன்ஸ்டீன் சொன்னதைவிட அதிகம்!

இன்றைக்கு என்றால் "ஐன்ஸ்டீன் தப்பு" என்று ஒரு காணொளி வந்திருக்கும். ஆனால் விஞ்ஞானிகள் கோட்பாட்டைக் கைவிடவில்லை. காரணம், அதைத் தாங்கிப்பிடிக்கப் புதன், வாலல் என்று வேறு தூண்கள் இருந்தன. ஃபிராய்ண்ட்லிக்கின் அளவுகளையே மற்றவர்கள் வேறு முறையில் மீண்டும் கணக்கிட்டபோது எண் குறைந்தது.

இந்தச் சந்தேகம் முழுவதும் தீர 1970கள் வரை ஆனது. வானொலித் தொலைநோக்கிகள் வந்த பிறகு கிரகணத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. அளவீடுகள் 1.75ஐச் சுற்றியே நெருங்கி நின்றன.

இன்னொன்று தெரியுமா? ஐன்ஸ்டீனுக்கு 1921ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசு கிடைத்தது சார்பியல் கோட்பாட்டுக்காக இல்லை. ஒளிமின் விளைவை விளக்கியதற்காக. உலகமே கொண்டாடியபோதும் சார்பியலுக்குப் பரிசு தர நோபெல் குழு தயங்கியது. புகழ் ஒரே நாளில் வந்தது. ஏற்பு மெதுவாகத்தான் வந்தது.

பெரிய ஆள் சொன்னால் போதுமா?

இப்போது கதையில் இன்னொருவர் வருகிறார். சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் படித்து வளர்ந்தவர்.

1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது 19 வயது. வழியில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிந்து முடிந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குள்ள நட்சத்திரமாகும். ஆனால் அதன் நிறை ஓர் எல்லையைத் தாண்டினால் அப்படி நிலைத்து நிற்க முடியாது, சுருங்கிக்கொண்டே போகும். அந்த எல்லை சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது பிறகு உறுதியானது.

1935 ஜனவரி 11. லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவைச் சொல்லி உட்கார்ந்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். 1919இல் ஐன்ஸ்டீனுக்குத் துணை நின்ற அதே எடிங்டன்! நட்சத்திரம் இப்படியெல்லாம் அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை விடாது என்று சொல்லிக் கேலி செய்தார். அவையில் சிரிப்பு.

சில பெரிய இயற்பியலாளர்கள் தனிப்பட்ட முறையில் "நீங்க சொல்றதுதான் சரி" என்று சந்திரசேகரிடம் சொன்னார்கள். வெளிப்படையாக எடிங்டனை எதிர்க்க முன்வரவில்லை. சந்திரசேகர் பின்னர் அமெரிக்காவுக்குப் போய், வேறு துறைகளில் ஆய்வைத் தொடர்ந்தார்.

பிறகு என்ன ஆனது? வெண்குள்ள நட்சத்திரங்களைப் பற்றி ஆராய ஆராய, அந்த எல்லை தவிர்க்க முடியாததாகிவிட்டது. 1983இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

"பார்த்தீங்களா, கடைசியில் உண்மை ஜெயிச்சுடுச்சு" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. ஓர் இளைஞரின் ஆய்வுப் பாதையே மாறியது. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தான். பதவி, பயம், பாசம் எல்லாம் அங்கேயும் உண்டு. பெரிய பெயரால் ஓர் உண்மையைத் தாமதப்படுத்த முடியும். ஆனால் கணக்கும் அளவீடும் யாராலும் செய்து பார்க்கக்கூடியவையாக இருக்கும்வரை, அதை நிரந்தரமாகப் புதைத்துவைப்பது கடினம்.

தோற்ற கோட்பாடுகள் எங்கே போயின?

ஐன்ஸ்டீனுக்குப் பிறகும் போட்டி ஓயவில்லை. 1961இல் பிரான்ஸ், டிக்கி என்ற 2 இயற்பியலாளர்கள் ஒரு மாற்றுக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். யாரும் அதைத் தடைசெய்யவில்லை. மாறாக, ஐன்ஸ்டீனை இன்னும் கடுமையாகச் சோதிக்க அது ஒரு காரணமாக அமைந்தது.

சனிக்கோளுக்குச் சென்ற கசினி விண்கலத்தின் வானொலி அலைகள் சூரியனுக்கு அருகே எப்படி வருகின்றன என்று அளந்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். ஐன்ஸ்டீனின் எண்ணிலிருந்து 1 லட்சத்தில் சில பங்குகூட விலகவில்லை. மாற்றுக் கோட்பாடு பொய்யாகிவிடவில்லை, ஆனால் அது ஒதுங்கி நிற்கும் இடம் மிகவும் குறுகிவிட்டது.

2017 ஆகஸ்ட் 17 இன்னும் பெரிய நாள். 2 நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பு அலைகள், சுமார் 130 மில்லியன் ஆண்டு பயணம் செய்து பூமிக்கு வந்தன. ஏறக்குறைய 1.7 விநாடி கழித்து காமா கதிர்களும் வந்துசேர்ந்தன. ஈர்ப்பு அலையும் ஒளியும் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பது உறுதியானது. ஒளியின் வேகத்திலிருந்து ஈர்ப்பு அலையின் வேகம் மாறுபடும் என்று சொன்ன கோட்பாடுகள் பல அன்றே வீட்டுக்குப் போயின.

தொலைபேசியில் வழிகாட்டும் ஜிபிஎஸ்ஸும் ஒருவகையில் தினசரிச் சோதனைதான். துணைக்கோளிலுள்ள கடிகாரம் தரையிலுள்ளதைவிட ஒரு நாளில் சுமார் 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டீனின் கணக்கு. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கும் மேல் போய்விடும். அதனால் பொறியாளர்கள் அதையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள்.

இப்போதும் ஒரு சண்டை நடக்கிறது

விண்மீன் மண்டலங்களின் வெளிப்புறத்திலுள்ள நட்சத்திரங்கள், எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுகின்றன. வேரா ரூபின் 1970களில் இதைத் தெளிவாகக் காட்டினார். இதற்கு 2 வகை விளக்கங்கள் உண்டு:

• கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுக்கிறது. அதுதான் கரும்பொருள், அதாவது டார்க் மேட்டர்.

• அப்படி ஒன்றும் இல்லை. ஈர்ப்பு விதியையே மாற்ற வேண்டும். இஸ்ரேலிய இயற்பியலாளர் மில்க்ரோம் 1983இல் சொன்னது இது.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆமாம், அதே பழைய கேள்விதான். இது நெப்டியூனா, வல்கனா?

பெரும்பாலான இயற்பியலாளர்கள் கரும்பொருள் பக்கம் நிற்கிறார்கள். நட்சத்திரங்களின் வேகம், விண்மீன் கூட்டங்கள் மோதும் விதம், பேரண்டத்தின் தொடக்ககால ஒளி எனப் பல விஷயங்களை அது ஒரே அடியில் விளக்குகிறது. மில்க்ரோமின் விதி தனித்தனி விண்மீன் மண்டலங்களுக்கு அழகாகப் பொருந்துகிறது. பெரிய கூட்டங்களுக்குப் போகும்போது தடுமாறுகிறது.

ஆனால் கரும்பொருளின் ஒரு துகளைக்கூட எந்த ஆய்வுக்கூடமும் இதுவரை பிடிக்கவில்லை. அதனால் மறுபக்கத்தில் வேலை செய்பவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இந்தப் பக்கத்தை நேர்மையாக வைத்திருக்கின்றன.

அடுத்தமுறை அப்படி ஒரு தலைப்பு வந்தால்?

"ஐன்ஸ்டீன் தப்பு" என்று யாராவது சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், உடனே பகிரவும் வேண்டாம். இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

• புதுக் கோட்பாடு முன்கூட்டியே ஓர் எண்ணைச் சொல்கிறதா? அல்லது தெரிந்த விடைக்கு ஏற்ப எண்ணைத் திருகுகிறதா?

• பழைய கோட்பாடு சரியாகச் சொன்னதையெல்லாம் இதுவும் சொல்கிறதா? புதனுக்குப் பொருந்தி நிலாவுக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை.

• வேறொரு குழு, வேறொரு கருவி, வேறோர் இடத்தில் அதே விடையைப் பெற்றதா?

• எந்த விடை வந்தால் இந்தக் கோட்பாடு தோற்கும் என்று அதைச் சொன்னவரே சொல்லத் தயாரா?

இந்த 4 கேள்விகளையும் ஐன்ஸ்டீனிடம் நூறாண்டாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதுவரை அவர் தேறிவிட்டார். ஆனால் அணுவுக்குள் நடப்பதை விளக்கும் குவாண்டம் கோட்பாட்டோடு அவருடைய ஈர்ப்பு இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதும் எல்லா இயற்பியலாளருக்கும் தெரியும். ஒருநாள் அதைவிடச் சிறந்த ஒன்று வரும் என்று அவர்களில் பலர் எதிர்பார்க்கிறார்கள்.

அப்படி ஒன்று வந்தால், அதுவும் முதலில் புதனைப் பற்றிக் கேட்கும்போது 43 என்று சொல்லியாக வேண்டும்.